புல்லட் சைலன்சர்

கடிதத்தில் 'சைலன்சர்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு நிம்மதிதான் வந்தது. ஐந்து வாரமாக வராத பார்சல் எங்கேயோ பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் கணவன் பிரதீப் தினமும் வேலை முடிந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பான், பிறகு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே வருவான். இனி அந்த முகத்தைப் பார்க்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று அடுத்த வரியைப் படித்தேன்.

'துப்பாக்கி உதிரிப்பாகம். அனுமதியின்றி இறக்குமதி செய்யத் தடை செய்யப்பட்ட பொருள். பறிமுதல் செய்யப்பட்டது.'

அனுப்பியவர்கள் ஆஸ்திரேலிய எல்லைக் காவல் துறையான பார்டர் ஃபோர்ஸ். பெறுநர் பெயர் பிரதீப்குமார். முகவரி மெல்பர்ன் புறநகர் வெரிபீயில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் இதே வீடு. விஷயம் போலீஸ் விசாரணைக்கு அனுப்பப்படலாம் என்று கடைசிப் பத்தியில் அமைதியாக ஒரு வரி இருந்தது. நான் அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

அவனுக்கு போன் போட்டேன். ரயிலில் இருந்தான்.

"நீ என்ன ஆர்டர் பண்ணித் தொலைச்ச?"

"எத கேக்குற? புல்லட்டுக்கு சைலன்சர். வந்துருச்சா?"

ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி உற்சாகமாகச் சொன்னான். அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. திருச்சி பாலக்கரையில் எந்த மெக்கானிக் கடையில் போய் நின்று 'புல்லட்டுக்கு சைலன்சர் வேணும்' என்றாலும், 'எந்த மாடல் சார்?' என்றுதான் கேட்பார்கள். புல்லட் என்றால் பைக். சைலன்சர் என்றால் பின்னால் புகை விடும் குழாய். எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். மெல்பர்னில் அந்த இரண்டு வார்த்தைக்கும் என்ன அர்த்தம் என்று ஆறு வருடமாக இங்கே இருக்கும் எஞ்சினியர் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா?

"வாயை மூடிட்டு வீட்டுக்கு வா," என்றேன்.

அந்த பைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊர் ஜீலாங்கில் ஒரு வயசானவரிடம் வாங்கிய பழைய புல்லட் அது. காரை நான் ஆஸ்பத்திரி வேலைக்கு எடுத்துப் போவதால், இவன் காலை ஐந்தரை மணிக்கு அதை உதைத்துக் கிளப்பி ரயில் நிலையத்துக்குப் போவான். உதைக்கும்போது சில நாள் 'டமார்' என்று ஒரு வெடி வெடிக்கும். இங்கே புதுக் குடியிருப்பு எஸ்டேட்டுகளில் வீடுகளை இடைவெளி இல்லாமல் ஒட்டி ஒட்டிக் கட்டுகிறார்கள். எங்கள் கராஜுக்கு மூன்றடி தள்ளி ராஜகுமாரி அன்ரியின் படுக்கையறை ஜன்னல்.

அன்ரி (நாம் ஆன்ட்டி என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்) யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். யாருடனும் அதிகம் பேச மாட்டார். பார்சல் கொண்டு வருகிறவர்கள் பெல் அடித்தால் கதவைத் திறக்கவே மாட்டார். உள்ளே இருந்துகொண்டே திறக்க மாட்டார். அவர்கள் வாசலில் வைத்துவிட்டோ என்னிடம் கொடுத்துவிட்டோ போவார்கள். மஞ்சள் சட்டை போட்ட பார்சல்காரன் பெல் அடித்தால் கடித்தா தின்றுவிடுவான் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அன்ரியே வந்தார். நான் நைட் ஷிப்ட் முடிந்து காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, தம்பி காலமை மோட்டச்சைக்கிளை எடுக்கேக்கை வெடிக்குது. எனக்கு நெஞ்சு பதறுது. ஒருக்கா பாக்கச் சொல்லுறீரோ?"

பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த கால் எனக்கு. "ரெண்டு நிமிஷம்தானே ஆன்ட்டி. காதை மூடிக்கோங்க," என்று சொல்லிவிட்டேன். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். அதன் பிறகு என்னைப் பார்த்தால் சிரிப்பதையும் நிறுத்திவிட்டார். எனக்கும் அப்படியே விட்டுவிடுவது வசதியாகத்தான் இருந்தது.

பிரதீப்புக்கு மனசு கேட்கவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து தேடியிருக்கிறான். குழாய்க்குள் செருகினால் சத்தத்தை அடக்கும் துண்டு ஒன்று உண்டு என்று யாரோ சொன்னார்களாம். பெயர் தெரியாத ஒரு வெளிநாட்டு இணையக் கடையில் 'புல்லட் சைலன்சர்' என்று தட்டியதும் கறுப்பாக ஒரு அலுமினியக் குழாய் வந்திருக்கிறது. விலையும் மலிவு. வண்டிப் பொருளா வேறு ஏதாவதா என்று படத்துக்குக் கீழே ஒரு வார்த்தை இல்லை. நம் ஆள் கடைக்காரரிடம் விசாரித்துவிட்டுத்தான் வாங்கினானாம். ரொம்பப் பெருமையாகச் சொன்னான். அந்த உரையாடலைக் காட்டச் சொன்னேன்.

'இது புல்லட்டுக்குப் பொருந்துமா?' என்று இவன் ஆங்கிலத்தில் கேட்டிருந்தான்.

'எல்லா அளவுக்கும் பொருந்தும் சார்.'

'தினமும் விடியற்காலையில் எடுப்பேன். சத்தம் வெளியே வரவே கூடாது.'

'நூறு சதவீதம் வராது சார்.'

'பக்கத்து வீட்டில் ஒரு அம்மா தனியாக இருக்கிறார். என் புல்லட்டுக்குப் பயப்படுகிறார். இனிமேல் அவருக்கு எதுவுமே கேட்கக் கூடாது. போலீஸ் வரைக்கும் போகாமல் இதை முடித்துவிட வேண்டும்.'

அதற்குக் கடைக்காரர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதேன். ஏனென்றால் எங்கள் நிரந்தர வசிப்புரிமை விண்ணப்பம் பதினான்கு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தது. நான் மறுபடி படித்து, பரீட்சை எழுதி, இங்கே நர்ஸாகப் பதிவு வாங்க மூன்று வருடம் ஆனது. இப்போது இருக்கும் விசா அடுத்த மார்ச்சில் முடிகிறது. அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: உங்கள் மீது ஏதாவது வழக்கு இருக்கிறதா? இல்லை என்று டிக் போட்டிருந்தோம். வழக்கு என்று ஒன்று வந்தால் அந்த டிக் போய்விடும். அதோடு நாங்களும் போக வேண்டியதுதான்.

"இத டெலீட் பண்ணிரலாம்," என்றேன். "யாரு பாக்கப் போறா?"

அவன் போனை என்னிடம் நீட்டினான். "நீயே பண்ணு. எனக்குக் கை வரல."

விரலை வைத்தேன். 'நிச்சயமாக அழிக்க வேண்டுமா?' என்று போன் கேட்டது. விரலை எடுத்துவிட்டேன். பிறகு என்ன தோன்றியதோ, எங்கள் விசாவைப் பார்க்கும் வக்கீல் விஷாலினியின் எண்ணை அழுத்தினேன். மாணவியாக மலேசியாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர். குற்ற வழக்குகளும் பார்ப்பார்.

"புல்லட்டுக்கு சைலன்சரா?" என்றார் விஷாலினி. "ஹரிப்பிரியா, உண்மையச் சொல்லுங்க. வீட்ல கன் இருக்கா?"

தமிழில்தான் சொன்னேன். தமிழச்சிக்குத்தான் சொன்னேன். அவருக்கே புரியவில்லை.

"மேடம், புல்லட்னா பைக். சைலன்சர்னா புகை வருமே, அந்தப் பைப்."

"அடக் கடவுளே. எங்க ஊர்ல அத எக்ஸோஸ்னுதான் சொல்வோம். சைலன்சர்னா எனக்கும் துப்பாக்கிதான் ஞாபகம் வருது." பெருமூச்சு விட்டார். "கேளுங்க. ஒண்ணையும் அழிக்கக் கூடாது. அழிச்சா மறைக்கப் பாத்தீங்கன்னு ஆயிடும், அது தனிக் கேஸ். போலீஸ் வந்தா உள்ள விடுங்க, பேர் முகவரி கேட்டா சொல்லுங்க. வேற எதுக்கும் நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் திறக்கக் கூடாது. பயத்துல பாதி சொல்வீங்க, பாதி மாத்திச் சொல்வீங்க. புரிஞ்சுதா?"

புரிந்தது. போனை மேஜையில் குப்புற வைத்தேன்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் பிரதீப் எழுந்து ஜன்னலுக்குப் போவான். புல்லட்டை அவன் தொடவே இல்லை. ரயில் நிலையத்துக்கு நடந்தே போனான், நாற்பது நிமிடம். ஆஸ்பத்திரியில் நான் ஒரு நோயாளிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கொடுத்தேனா இல்லையா என்று மறந்துபோய் நின்றேன். என் வேலையில் அப்படி நின்றது அதுதான் முதல் தடவை.

பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். இரண்டு பேர். நடுத்தர வயதுப் பெண் சார்ஜெண்ட் ஒருவர், இருபத்தைந்து வயதுகூட ஆகாத கான்ஸ்டபிள் ஒருவர். வீட்டைச் சோதனை போடும் வாரண்டைக் காட்டினார்கள். இருவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

விஷாலினிக்கு போன் போட்டேன். "வெஸ்ட் கேட் பிரிட்ஜ்ல மாட்டிக்கிட்டேன், முன்னாடி ஆக்சிடென்ட். வாயத் திறக்காதீங்க," என்றார்.

அலமாரி, பரண், சமையலறை எல்லாம் பார்த்தார்கள். சாமி அறையைக் கான்ஸ்டபிள் ஷூவைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். பிறகு பிரதீப்பின் போனை வாங்கி, சார்ஜெண்ட் அந்த உரையாடலைத் தேடி எடுத்தார். ஒவ்வொரு வரியாக, குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல் வாசித்தார். 'இனிமேல் அவருக்கு எதுவுமே கேட்கக் கூடாது' என்ற இடத்தில் நிறுத்தி நிமிர்ந்தார்.

"துப்பாக்கி எங்கே இருக்கிறது, பிரதீப்?"

பிரதீப் என்னைப் பார்த்தான். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. ஒரே ஒரு வரி. 'அது பைக்' என்று ஒரு வரி சொன்னால் போதும் போல இருந்தது. ஆனால் விஷாலினியின் குரல் காதிலேயே நின்றது. "வக்கீல் வருகிறார்" என்று மட்டும் அவன் சொன்னான். நெற்றியெல்லாம் வியர்வை. பார்ப்பதற்கு அசல் குற்றவாளி மாதிரியே இருந்தான், பாவி.

"இந்தப் பக்கத்து வீட்டு அம்மா யார்?"

என் கண் அன்ரியின் வீட்டுப் பக்கம் போய்விட்டது. சார்ஜெண்ட் அதைப் பார்த்துவிட்டார். கான்ஸ்டபிளை அனுப்பினார்.

அவன் போய் அன்ரி வீட்டு பெல்லை அடித்தான். எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கதவு திறக்கவில்லை. மறுபடி அடித்தான். 'போலீஸ்' என்று குரல் கொடுத்தான். கதவைத் தட்டினான். திறக்கவில்லை. திரும்பி வந்து சார்ஜெண்டிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். எனக்குக் கேட்டது.

"கார் நிற்கிறது. பதில் இல்லை. வாசலில் இரண்டு பார்சல் எடுக்காமல் கிடக்கிறது."

சார்ஜெண்டின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இவ்வளவு நேரம் இருந்த மரியாதைக்குள் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"அந்த அம்மாவைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?" என்று என்னைக் கேட்டார்.

எப்போது பார்த்தேன்? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. போன வாரமா? அதற்கு முந்தினதா? குப்பைத் தொட்டியை வெளியே வைத்தபோது பார்த்தேனா? காதை மூடிக்கொள்ளச் சொன்ன நாளுக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டேனே. ஒரு கொலைக்குத் தேவையான எல்லாம் அங்கே வரிசையாக இருந்தது. துப்பாக்கி மட்டும்தான் இல்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். கான்ஸ்டபிள் தோளில் இருந்த ரேடியோவில் யாரையோ கூப்பிட்டான்.

அப்போது அன்ரி வீட்டுக் கராஜ் கதவு மெல்ல மேலே போனது. முழுதாகத் திறக்கவில்லை. அன்ரி பாதிக்குக் கீழே குனிந்து வெளியே வந்தார். வீட்டு உடுப்பின் மேல் ஒரு கம்பளிச் சட்டை, கையில் ஒன்றுமில்லை. போலீஸ்காரர்களைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டு எங்கள் டிரைவ்வேயில் ஏறி வந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என்ன பிள்ளை? உவை ஏன் வந்தவை? தம்பியைக் கொண்டு போகப் போகினமோ?"

விஷாலினி போலீசிடம் வாய் திறக்கக் கூடாது என்றுதான் சொன்னார். அன்ரியிடம் பேசக் கூடாது என்று சொல்லவில்லை. எழுந்து மூச்சு விடாமல் கொட்டினேன்.

"ஆன்ட்டி, உங்களுக்கு சத்தம் கேக்கக் கூடாதுன்னு புல்லட்டுக்கு சைலன்சர் ஆர்டர் பண்ணான். அவங்க துப்பாக்கிக்கு வாங்கினதா நினைக்கிறாங்க. வந்த சாமானும் துப்பாக்கிக்கு உள்ளதுதான் போல. எங்களப் பேச வேணாம்னு வக்கீல் சொல்லியிருக்காங்க."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு முதல் தடவையாக சார்ஜெண்டைத் திரும்பிப் பார்த்தார். உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திச் சொன்னார்.

"நான்தான் பக்கத்து வீட்டு அம்மா. புல்லட் இவருடைய மோட்டார் சைக்கிள். எங்கள் நாட்டிலும் அதன் குழாய்க்கு சைலன்சர் என்றுதான் பெயர். என் கணவரிடமும் மோட்டார் சைக்கிள் இருந்தது."

சார்ஜெண்ட் நம்பினாரா என்று தெரியவில்லை. அன்ரி பிரதீப்பின் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வெளியில எடுங்கோ. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கோ."

பிரதீப் தயங்கினான். "வேணாம் ஆன்ட்டி, வெடிக்கும்."

"வெடிக்கட்டும். வெடிச்சாத்தானே உவைக்கு விளங்கும்."

சார்ஜெண்ட் தலையசைத்தார். பிரதீப் கராஜிலிருந்து புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து டிரைவ்வேயில் நிறுத்தினான். அன்ரி என் பக்கத்தில் வந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். காதை மூடவில்லை.

முதல் உதை, ஒன்றுமில்லை. இரண்டாவது உதை, கொஞ்சம் இருமியது. பதின்மூன்று நாள் கிளப்பாத வண்டி. தினமும் ஊரை எழுப்பும் சனியன் இன்று பார்த்து ஊமையாகிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது உதைக்கு வெடித்தது. டமார்! எதிர்வீட்டு நாய் குரைத்தது. கான்ஸ்டபிளின் கை தானாக இடுப்புக்குப் போய்த் துப்பாக்கி உறையில் நின்றது. சார்ஜெண்ட் ஒரு அடி பின்னால் போயிருந்தார். அன்ரியின் நகம் என் உள்ளங்கையில் இறங்கியது. ஆனால் அவர் அசையவில்லை.

புல்லட் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அன்ரி கண்ணைத் திறந்தார்.

"இதுதான் புல்லட்," என்றார் சார்ஜெண்டிடம். "எனக்குப் பயம். அதனால் எனக்காக சைலன்சர் வாங்கினார்."

சார்ஜெண்ட் பைக்கைப் பார்த்தார். டேங்க் மேல் கை வைத்துப் பார்த்தார். கான்ஸ்டபிள் உறையிலிருந்து கையை எடுத்துவிட்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பிரதீப் வண்டியை அணைத்தான்.

"எழுதித் தருவீர்களா? பெயர், கையெழுத்தோடு?" என்று சார்ஜெண்ட் அன்ரியைக் கேட்டார்.

அந்த வார்த்தைக்குத்தான் அன்ரி நடுங்கினார். வெடிக்குக்கூட அப்படி நடுங்கவில்லை. பேனாவை வாங்கி வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். கான்ஸ்டபிள் எழுதியதை என்னிடம் கொடுத்து இரண்டு தடவை தமிழில் சொல்லச் சொன்னார். பிறகு தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் போனைக் கொண்டு போனார்கள், முடிவு பிறகு வரும் என்று சொல்லிவிட்டு. விஷாலினி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அன்ரியை அவர் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் குசினி என்று சொல்லும் சமையலறையில் கதிரையை இழுத்து உட்கார வைத்துத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

"உவன் பெல் அடிக்கேக்கை உள்ளுக்கைதான் நிண்டனான், பிள்ளை. திறக்கேலாமல் போச்சு. ஊரில அண்டைக்கும் இப்பிடித்தான் யூனிஃபோமோடை ரெண்டு பேர் வந்து தட்டினவை. நான் திறந்தனான். இது உன்ர மனுசன்ர மோட்டச்சைக்கிளோ எண்டு கேட்டவை. ஓம் எண்டு சொன்னனான். பேரை எழுதித் தரச் சொன்னவை, எழுதிக் குடுத்தனான். அவர் பின்னேரம் வந்திடுவார் எண்டு சொல்லிப்போட்டுப் போனவை." தேத்தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தார். "முப்பத்தஞ்சு வருசமாச்சு, அவர் இன்னும் வரேல்லை. நான் இல்லை எண்டு சொல்லியிருந்தால் எண்டு ஒவ்வொரு நாளும் நினைக்கிறனான். இண்டைக்கு நான் வெளியில வராமல் விட்டால் உம்மட மனுசனையும் கொண்டு போயிடுவினம் எண்டு நினைச்சன்."

காதை மூடிக்கொள்ளச் சொன்ன வாய் என்னுடையது. "மன்னிச்சிருங்க ஆன்ட்டி," என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அவர் என் உள்ளங்கையைத் திருப்பி நகம் பதிந்த இடத்தைப் பார்த்தார். "நோகுதோ?" என்று கேட்டார்.

பிரதீப் அடுத்த வாரமே புல்லட்டை ஜீலாங் பெரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கும் ஏழு வாரம் கழித்து, நான் ஷிப்ட் முடிந்து வந்தபோது தபால் பெட்டியில் போலீஸ் கடிதம் இருந்தது. வழக்கு இல்லை. பொருள் அழிக்கப்படும். எதிர்காலத்தில் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ளவும்.

அதை எடுத்துக்கொண்டு நேராக அன்ரி வீட்டுக்கு ஓடினேன். பெல்லை அடித்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். நர்ஸ் யூனிஃபார்ம், கழுத்தில் அடையாள அட்டை, கையில் அரசாங்க முத்திரை போட்ட உறை. ஐயோ என்று பின்னால் நகர்ந்தேன். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்குப் பின்னால் நின்றது. கதவுத் துளை வழியாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"ஆரது?"

"நான்தான் அன்ரி," என்றேன்.

சங்கிலி கழன்றது. கதவைத் திறந்தார்.